கூலி ரத்தத்தின் நிறம்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரோஜா மாலை போட்டார்கள். கோலாலம்பூரில் நாங்கள் குடியிருக்கும் பகுதிக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் என்று பெயர். அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மண்டபத்தில், தமிழ் உத்தியோகஸ்தர் சங்கத்தின் ஆண்டு விழா. கேக்கும் தேநீரும் உண்டு. சங்கத் தலைவர் தணிகாசலம், ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தா, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து பேசினார்.

“ஐரோப்பியருடைய ரத்தமும் நம்முடைய ரத்தமும் சமம் என்று விஞ்ஞான ரீதியாக நிரூபித்தவர் நம் மிஸ்டர் சபாபதி. இனிமேல் யாராவது நம்மைக் கூலிகளோடு சேர்த்துப் பேசினால், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் காட்டி வாயடைக்கலாம்!”

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. நான் மாலையைக் கழற்றினேன். மேஜை மேல் வைத்தேன் என்று மரியாதையாக எழுதலாம், உண்மையில் எறிந்தேன். அது கேக்கின் மேல் போய் விழுந்தது.

மாலை போட்டவர்கள் மேல் இந்த மனுஷனுக்கு என்ன கோபம் என்று ஊரிலிருந்து படிக்கிற நீங்கள் கேட்பீர்கள். வருகிற சித்திரையோடு நான் இங்கே வந்து பத்து வருஷம். இத்தனை வருஷமும் கடிதத்தில் ‘ஆஸ்பத்திரியில் உத்தியோகம், சௌக்கியம்’ என்று எழுதியே காலம் தள்ளிவிட்டேன். என்ன உத்தியோகம், என்ன சௌக்கியம் என்று இப்போதாவது விளக்கமாக எழுதுகிறேன்.

2

நான் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. சென்னையில் ரசாயனம் படித்தவன். இங்கே ஆஸ்பத்திரி லபோரட்டரியில் அசிஸ்டென்ட்.

ரத்தத்தைக் குழாயில் எடுத்து, கையால் சுற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால், சிவப்பெல்லாம் அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். உடம்பைக் கட்டுகிற சத்து ஒன்று அந்த நீரில் கரைந்திருக்கிறது. இங்கிலீஷில் அதைப் புரோட்டீன் என்கிறார்கள். முட்டையின் வெள்ளைக்கருவிலும் பருப்பிலும் மீனிலும் பாலிலும் இருப்பது அதுதான். தமிழில் அதற்கு நல்ல வார்த்தை எனக்கு அகப்படவில்லை. சத்து என்றே சொல்லி வருகிறேன். அந்த நீரில் கொஞ்சம் எடுத்து, காஸ்டிக் சோடா சேர்த்து, மயில்துத்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நாவல் பழம் தின்ற நாக்கைப் போல ஊதா நிறம் வரும். சத்து நிறைய இருந்தால் அடர்ந்த ஊதா. குறைவாக இருந்தால் வெளிறிய ஊதா.

வெறுங் கண்ணால் பார்த்து அடர்த்தியைச் சொல்ல முடியாது. அதற்குப் பித்தளையில் செய்த கருவி ஒன்று உண்டு. அருகருகே இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்றில் சத்தின் அளவு முன்பே தெரிந்த திரவம், மற்றதில் நோயாளியுடையது. மேலே உள்ள குழலில் கண்ணை வைத்தால் ஒரு வட்டம் தெரியும். வட்டத்தில் பாதி அந்தக் கிண்ணம், பாதி இந்தக் கிண்ணம். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் மேலிருந்து ஒரு கண்ணாடித் தண்டு இறங்கியிருக்கும். திருகைத் திருப்பிக் கிண்ணத்தை இறக்கினால் தண்டுக்குக் கீழே திரவத்தின் ஆழம் கூடும், ஏற்றினால் குறையும். தண்ணீர் அதிகமான சர்பத்தும் உயரமான தம்ளரில் மேலிருந்து பார்த்தால் அடர்த்தியாகத்தான் தெரியும் அல்லவா? அதே நியாயம். நடுக்கோடு மறைந்து வட்டம் முழுவதும் ஒரே நிறமாகும் இடத்தில் நிறுத்தி, பக்கத்து அளவுகோலைப் படிக்க வேண்டும். நோயாளியின் கிண்ணத்துக்கு எவ்வளவு அதிக ஆழம் தேவைப்படுகிறதோ, அவ்வளவுக்கு அவர் உடம்பில் சத்துக் குறைவு.

இதுதான் என் வேலை. இரண்டு பாதி வட்டங்களைச் சமமாக்குகிற வேலை. பத்து வருஷமாக இதைச் செய்து என் இடது கண்ணைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

3

மூக்காயியை லோரியில் கொண்டு வந்தார்கள். கிள்ளானுக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டம். கித்தா என்றால் இங்கே ரப்பர். மரம் சீவிப் பாலெடுக்கும் கூலிகள் ஒரு கூட்டமாக வந்து இறங்கினார்கள். ஆணும் பெண்ணுமாக எல்லாருக்கும் கால் வீங்கியிருந்தது. சிலருக்கு முகமும் ஊதியிருந்தது. மூக்காயிக்குத்தான் வீக்கம் அதிகம். நாற்பது வயது இருக்கும். கணுக்கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

எங்கள் வெள்ளைக்கார டாக்டர் துரை கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. தோட்டத் துரைமாருக்காக அச்சிட்ட புத்தகத்தைப் படித்து அவர் தமிழ் கற்றுக்கொண்டவர். அதில் வா, போ, வெட்டு, நில், சும்மாயிரு எல்லாம் இருக்கும் போலிருக்கிறது. ‘வலிக்கிறதா’ என்று கேட்க மட்டும் வாக்கியம் இல்லை.

“நீ உட்காரு. காலைக் காட்டு,” என்றார்.

கட்டை விரலால் அவள் காலை அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நான் ஊசியோடு வந்ததும் மூக்காயி கையை இழுத்துக்கொண்டாள்.

“என்ன சாமி, மரத்துலதான் பால் எடுத்தோம். இப்ப எங்க கையிலயும் எடுக்கப் போறீங்களா?”

“பரீட்சைக்கு அம்மா. கொஞ்சம்தான்.”

“எங்க பாலுல தண்ணி கலந்திருக்கான்னு கிராணி ஒரு கண்ணாடிக் குச்சிய மிதக்க விட்டுப் பாப்பாரு. அது மாதிரியா?”

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. பத்து வருஷத்தில் என் வேலையை எனக்கு இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. “அதே மாதிரிதான்,” என்றேன்.

“கலந்திருந்தா எங்க பேருல குத்தம் எழுதுவாரு. இதுல தண்ணி கலந்திருந்தா யாரு பேருல எழுதுவீங்க?”

ரத்தம் எடுத்தேன். முதலில் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தேன். தெளிவாகவே இருந்தது. ஆகவே சத்து அந்த வழியாக ஒழுகவில்லை. சிறுநீரகத்தில் கோளாறு கிடையாது. பிறகு ரத்தநீரைப் பிரித்து மயில்துத்தம் விட்டேன். மற்றவர்களுக்குக் கத்தரிப்பூ நிறமாவது வந்தது. மூக்காயிக்கு, துணி அலசிய நீலத் தண்ணீர் போல ஒரு சாயல்தான். கிண்ணத்தை இறக்கினேன், இன்னும் இறக்கினேன். திருகு கடைசி வரை போயும் இரண்டு பாதியும் சேரவில்லை.

வார்டுக்குப் போய், தோட்டத்தில் என்ன சாப்பாடு என்று விசாரித்தேன்.

“அரிசி அளக்குறாங்க. மிளகா, புளி. கித்தா விலை விழுந்ததுலேர்ந்து கருவாடு வாரத்துக்கு ஒருக்காதான். ஒரே கருவாட்ட குழம்புல முக்கி எடுத்து, காயப்போட்டு, மறுநாளும் முக்குவோம், சாமி. வாசம் போற வரைக்கும் அதுதான் கறி.”

“பருப்பு?”

அவள் சிரித்தாள். சிரித்தபோது முகத்திலிருந்த வீக்கத்தில் கண்கள் காணாமல் போயின.

4

பசி என்று எழுதினேன். நாசூக்காக, ‘உணவில் சத்துக் குறைவால் உண்டான வீக்கம்’ என்று எழுதி டாக்டர் துரையின் மேஜையில் வைத்தேன். அவர் ஒப்புக்கொண்டார். “நானும் அப்படித்தான் நினைத்தேன்,” என்றார்.

அதற்கு அடுத்த வாரம் தோட்டத்தின் சார்பில் வேறொரு வெள்ளைக்கார டாக்டர் வந்தார். மூவரும் லபோரட்டரியில் நின்றோம். அவர்கள் இருவரும் பேசினார்கள். நான் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன்.

வந்தவருடைய வாதம் இதுதான். ‘உங்கள் அளவுகோல் ஐரோப்பியரை வைத்துச் செய்தது. தமிழன் தலைமுறை தலைமுறையாகச் சோறு மட்டும் தின்று வளர்ந்தவன். அவன் ரத்தம் இயற்கையிலேயே நீர்த்தது. உங்களுக்குக் குறைவாகத் தெரிகிற அளவு அவனுக்குச் சரியான அளவு. ஆகவே தோட்டத்து ரேஷனில் குற்றம் இல்லை. வீக்கம் இவர்களுடைய தேகவாகு. வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடலாம்.’

தேகவாகு! இவ்வளவு சுலபமாக ஒரு ஜாதி முழுவதற்கும் பசியைப் பிறவிக் குணமாக்கிவிட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ரிசல்ட் எழுதும் காகிதத்தில் ‘சரியான அளவு’ என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே ‘தமிழருக்கு’ என்று இன்னொரு வரி, குறைந்த அளவோடு, சேர்க்க வேண்டும் என்றார். அந்த ஒரு வரி விழுந்துவிட்டால் மூக்காயி நோயாளியே இல்லை. அவளைப் பட்டினி போட்டவனும் இல்லை.

குழாயைக் கீழே வைத்துவிட்டு, “தமிழ் ரத்தம் எத்தனை பார்த்துச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டேன். வந்தவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் துரைதான் சொன்னார்: “நியாயமான கேள்வி. ஆரோக்கியமான தமிழர் ரத்தம் கொண்டு வா, சபாபதி. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.”

அன்று வார்டில் மூக்காயியிடம் கப்பல் சமாசாரத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பக்கத்துப் படுக்கைக்காரி நினைத்தாள். ஊருக்குப் போவதென்றால் எல்லாருக்கும் சந்தோஷம்தான் என்று நீங்களும் நினைப்பீர்கள்.

“அங்க எனக்கு யாரு இருக்கா?” என்று சத்தம் போட்டாள் மூக்காயி. “புருஷன இங்கதான் பொதச்சேன். மக இங்க தோட்டத்து லயத்து வீட்டுல புள்ளத்தாச்சியா இருக்கா. ஊருல எங்க நெலத்த எடுத்துக்கிட்டவன் மாலையும் கையுமா நிக்கிறானா, வாம்மா மூக்காயின்னு?”

5

பிரிக்ஃபீல்ட்ஸில் ஆரோக்கியமான தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. கோயிலிலும் பாசார் என்கிற சந்தையிலும் பந்து விளையாடுகிற திடலிலும் தொந்தியோடு திரிகிறார்கள். முதலில் தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். பிஸ்கட் கொடுத்து உபசரித்தார். விஷயத்தைச் சொன்னதும் தட்டை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“உங்க நல்ல எண்ணம் புரியுது, மிஸ்டர் சபாபதி. ஆனா கூலி ஜனங்க ரத்தத்தோட எங்க ரத்தத்தையும் பக்கத்துல வச்சுப் பாக்கறதுன்னா... ஆபீஸ்ல துரை காதுக்குப் போச்சுன்னா என்ன நினைப்பாரு?”

“என்ன நினைப்பாரு?”

“இவனும் அதே கூட்டம்தானான்னு நினைப்பாரு லா,” என்று இந்த ஊர் வழக்கில் இழுத்தார்.

“அதே கூட்டம்தானே நாம?”

“நான் கூலிக் கப்பல்ல வரல,” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

இன்னும் நாலு வீடு ஏறினேன். ஒருவருக்கு ஊசி பயம். ஒருவருக்கு அன்று அமாவாசை. ஒருவர், “என் ஜாதி என்னன்னு அந்தக் காகிதத்துல தனியா எழுதுவீங்கன்னா தரேன்,” என்றார். அவர் ரத்தம் வேண்டாமென்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி மரகதத்திடம் புலம்பினேன். அவள் அரிவாள்மனையை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினாள்.

“முதல்ல என் கையில குத்துங்க. அப்புறம் ஊர்க்காரங்க கையத் தேடலாம்.”

மறுநாள் குழாயடியில் அவள் என்ன பேசினாளோ தெரியாது, மூன்று பெண்கள் புருஷன்மாருக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். எங்களுக்குப் பால் ஊற்றும் மாட்டுக்காரர் வேலு வந்தார். “நான் தெனம் மாட்டக் கறக்குறேன், அண்ணே. என்னைக் கறக்க ஒருத்தரும் வந்ததில்ல. எடுங்க,” என்றார். மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் ஒருவர் கேள்விப்பட்டுத் தானாகவே வந்தார்.

“தம்பி, என் ரத்தத்தத் தமிழ் ரத்தம்னு எழுதுவீங்களா, வேற எதுவும் எழுதுவீங்களா?”

“தமிழ்னுதான் எழுதுவேன்.”

“அப்பச் சரி,” என்று சட்டைக் கையை மடித்தார்.

என் மகள் விசாலாட்சி கான்வென்டில் படிக்கிறாள். ‘விஷாலி’ என்றுதான் கூப்பிட வேண்டும். பள்ளிக்கூட வாசலில் நான் தமிழில் பேசினால் நடையை எட்டிப் போடுவாள். அவளையும் கேட்டேன். “என் ஃபிரண்ட்ஸுக்குத் தெரிஞ்சா கூலி கேர்ள்னு சொல்வாங்க, டாடி,” என்றாள். தணிகாசலம் தமிழில் சொன்னதை இவள் இங்கிலீஷ் கலந்து சொன்னாள். அவ்வளவுதான் வித்தியாசம். நான் கையை ஓங்கினேன். மரகதம் நடுவில் வந்து நின்றாள்.

6

எல்லாருடைய ரத்தநீரிலும் மயில்துத்தம் விட்டேன். எல்லாம் நாவல் பழம். டாக்டர் துரையிடம், “உங்களுடையதும் வேண்டும்,” என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஒரு கிண்ணத்தில் அவருடையது, மற்றதில் மாட்டுக்கார வேலுவுடையது. எது யாருடையது என்று சொல்லாமல் அவரையே குழலில் பார்க்கச் சொன்னேன். இரண்டும் ஒரே ஆழம். அவர் கண்ணை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

“கோடு தெரியவில்லை. எது என்னுடையது?”

“அதைத்தான் நானும் கேட்கிறேன்.”

“ஆச்சரியமில்லை,” என்றார். “இப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.”

வென்றுவிட்டோம் என்றுதான் அந்தக் கணம் நினைத்தேன். மறுநாள் அவர் எழுதியதைப் பார்த்தேன். ‘மேல்தரத் தமிழருக்கு ஐரோப்பியரைப் போலவே, கூலி வகுப்புத் தமிழருக்கு இயல்பாகவே குறைவு.’ மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளுகிற வேலு, ஒரே இரவில் மேல்தரத் தமிழராகிவிட்டார்.

அவர் அறைக்குள் போய்க் கத்தினேன். உத்தியோகம் போய்விடும் என்று தோன்றியது. போகட்டும் என்றும் தோன்றியது. “கூலி வகுப்புக்கு ரத்தம் தனியாகப் பிறக்கிறதா? அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு போட்டுப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்!”

துரை வெகு நேரம் பேனாவைத் துடைத்தார். அவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள், நன்றாகத் தெரியும். பசி என்று எழுதினால் ரேஷனைக் கேட்பார்கள், ரேஷனைக் கேட்டால் தோட்டத்தைக் கேட்க வேண்டும், தோட்டக்காரர்களோடுதான் அவர் சாயங்காலம் டென்னிஸ் ஆடுகிறார். இருந்தாலும் அன்று இறங்கி வந்தார். “ஒருத்தியை வைத்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்குப் படுக்கை இல்லை,” என்றார்.

மற்றவர்களைக் கப்பலேற்றிவிட்டார்கள். லோரியில் ஏறும்போது ஒரு கிழவர் என்னைப் பார்த்து, “எங்க ரத்தத்துல ஒண்ணுமில்லைன்னுட்டீங்களா சாமி?” என்று கேட்டார். நல்ல வார்த்தை கேட்பவர்போல் கேட்டார். ஒன்றுமில்லை என்றால் நோயில்லை என்று அர்த்தம் அவருக்கு. லோரி போகிற வரைக்கும் எனக்கு வாய் திறக்கவில்லை.

மூக்காயிக்கு முட்டையும் பாலும் பருப்பும் மீனும் கொடுத்தார்கள். ஒன்றரை மாதம். மருந்து என்று ஒரு சொட்டுக் கிடையாது. முதலில் முகம் வடிந்தது, பிறகு கால். கணுக்கால் எலும்பு வெளியே வந்த அன்று அவளே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வாராவாரம் ரத்தம் எடுத்தேன். ஊதா ஏறிக்கொண்டே வந்தது. கடைசி வாரம் அவள் கிண்ணத்தையும் என் கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்தபோது நடுக்கோடு மறைந்துவிட்டது. அவளையே அழைத்துவந்து குழலில் பார்க்கச் சொன்னேன்.

“ஒரே வட்டமால்ல தெரியுது?”

“பாதி நீ, பாதி நான்.”

பெருமைப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. “பசிச்சவளுக்குச் சோறு போட்டா தெம்பு வரும்னு கண்டுபிடிக்கவா இம்புட்டுக் கண்ணாடி வச்சிருக்கீங்க?”

துரை, ‘குணமானாள், வேலைக்குத் தகுதி’ என்று எழுதினார். குணமானவளை எங்கே அனுப்புவார்கள்? அதே தோட்டத்துக்கு, அதே அரிசிக்கும் மிளகாய்க்கும் அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் அவள் சங்கதியைக் காணோம். கேட்டேன். “ஒரு கேஸ் மட்டும் அத்தாட்சி ஆகாது, சபாபதி,” என்றார் துரை.

மற்ற கேஸ்களையெல்லாம் கப்பலேற்றியது யார்?

7

அந்த ரிப்போர்ட்டில் ‘மேல்தரத் தமிழர்’ என்ற பாதியை யாரோ தணிகாசலத்துக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். ரத்தம் தரமாட்டேன் என்றவர் அதற்காக எனக்கு மாலை வாங்கினார். ஆனால் விழாவுக்கு முந்திய வாரம்தான் மூக்காயி மறுபடியும் வந்து சேர்ந்திருந்தாள். மறுபடியும் வீக்கம். நானாக ரத்தம் எடுத்துப் பார்த்தேன், மறுபடியும் வெளிறிய ஊதா. இந்தத் தடவை பரீட்சைகூட வேண்டாம் என்று நேராகக் கப்பல் உத்தரவு போட்டுவிட்டார்கள். தோட்டத்துக்கு வெளியே யாராவது வேலை கொடுத்து, இவளுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டால் மட்டும் இங்கே இருக்கலாம் என்பது கூலிகளைக் கவனிக்கும் தொழில் இலாகாவின் விதி. நான் போட முடியாது. ஆஸ்பத்திரி உத்தியோகஸ்தன் நோயாளிக்குப் பொறுப்பேற்கக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே மாலையை எறிந்த கையோடு மேடையிலேயே கேட்டேன்.

“என் ரத்தத்தையும் உங்க தலைவர் ரத்தத்தையும் நான் ஒப்பிடவே இல்லை. அவர் தரல. தந்தவங்க குழாயடிப் பொம்பளைங்களும் ஒரு துணிக்கடைக்காரரும் ஒரு மாட்டுக்காரரும். கிள்ளான் பக்கத்துக் கூலிக்காரி மூக்காயி ரத்தமும் சோறு போட்டப்போ அதே நிறம்தான். என் கண்ணால பாத்தேன். அவளை இந்த வாரம் கப்பலேத்தப் போறாங்க. உங்கள்ல ஒருத்தர் வீட்டுல ஒரு வேலை கொடுத்து, ஒரு கையெழுத்துப் போட்டா போதும். யார் போடறீங்க?”

எல்லாரும் மேல்தரமாக உட்கார்ந்திருந்தார்கள். தணிகாசலம் தொண்டையைச் செருமினார்.

“இது கலாசாரச் சங்கம், மிஸ்டர் சபாபதி. தோட்டத்து விவகாரமெல்லாம் நமக்கு...”

“நான் போடுறேன்,” என்று வாசலிலிருந்து ஒரு குரல். தேநீருக்குப் பால் கொண்டு வந்த வேலு, காலிக் கேனோடு நின்றுகொண்டிருந்தார். சங்கத்தில் அவர் அங்கத்தினர் இல்லை. உள்ளே வந்து உட்காரும் உரிமை அவருக்குக் கிடையாது. “எனக்கு எழுதத் தெரியாது. கைநாட்டு ஆவுமா அண்ணே?”

ஆகும் என்றேன். பெண்கள் வரிசையிலிருந்து மரகதம் எழுந்து வந்தாள். வேலுவின் கையிலிருந்த கேனை வாங்கிக்கொண்டு, “வாங்கண்ணே, போவோம்,” என்று முன்னால் நடந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் விசாலாட்சி கேட்டாள்: “டாடி, நம்ம ரத்தம் வேற, அவங்க ரத்தம் வேறன்னுதானே மிஸ்டர் தணிகாசலம் சொன்னாரு? நீங்க ஏன் அதைக் கெடுத்தீங்க?” அவள் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. இன்றும் அதிகம் பேசுவதில்லை. இதற்கு ஒரு நல்ல முடிவு எழுத எனக்கும் ஆசைதான். இன்னும் நடக்கவில்லை.

8

திங்கட்கிழமை இலாகாவில் குமாஸ்தா, “மாட்டுக்காரன் கைநாட்டா?” என்று மூக்கைச் சுளித்தான். அவனும் தமிழன்தான். டாக்டர் துரையின் ரிப்போர்ட்டைக் காட்டினேன். “இவர் மேல்தரத் தமிழர். படித்துப் பாருங்கள்,” என்றேன். அந்தப் பாழாய்ப்போன வரி ஒரு தடவையாவது உபயோகப்பட்டது. முத்திரை குத்தினான்.

மூக்காயி லேசில் சம்மதிக்கவில்லை. “சும்மா வச்சு சோறு போடுறதுன்னா நான் வரமாட்டேன். சம்பளம் உண்டா?” என்று வேலுவிடம் பேரம் பேசினாள். உண்டு என்றார். இப்போது தொழுவத்துக்குப் பின்னால் ஒரு சாய்ப்பில் இருக்கிறாள். பால் குடிக்கிறாள், சாணி அள்ளுகிறாள், மாடுகளைத் திட்டுகிறாள். மகளுக்கு ஆண் குழந்தை. பார்க்கப் போனபோது தோட்டத்துக் கிராணி வாசலிலேயே தடுத்தானாம். நீ இப்போது தோட்டத்து ஆள் இல்லை, உள்ளே வரக் கூடாது என்றானாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேரனைப் பார்த்துவிட்டு வந்தாள். நேற்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“எம் மக காலும் ஊதுது. பால் குடிக்கிற புள்ளைக்காரி. என்ன செய்யப் போறீங்க?”

நாளைக் காலையில் கிள்ளானுக்கு ரயில் ஏறுகிறேன். ஊசியும் குழாய்களும் பையில் இருக்கின்றன. தோட்டத்துக்குள் விடமாட்டார்கள் என்று தெரியும். வேலி ஓரமாக நின்றே எடுப்பேன். ஒரு கேஸ் அத்தாட்சி ஆகாது என்றால் இரண்டு, இரண்டு ஆகாது என்றால் லயம் முழுவதும். துரை எத்தனை வரி எழுதுகிறார் என்று பார்க்கிறேன்.

உங்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். நாகப்பட்டினத்தில் கப்பல் வந்து நிற்கும்போது, வீங்கிய காலோடு ஆட்கள் இறங்குவார்கள். கடல் காற்று, மலாய் தேசத்துத் தண்ணீர், தேகவாகு என்று பக்கத்தில் யாராவது விளக்கம் சொல்வார்கள். கேட்காதீர்கள். என்ன சம்பாதித்துக்கொண்டு வந்தாய் என்றும் அவர்களைக் கேட்காதீர்கள். பக்கத்துக் கடையில் முட்டை கிடைக்கும். வாங்கிக் கொடுங்கள். முன்பே வந்து இறங்கிய கூட்டத்தில் ஒரு கிழவர் இருப்பார். உங்கள் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.